க்யூவில் நீங்கள் எத்தனாவது ஆள்?

பிரிண்ட் கொடுத்தாச்சு. பிரிண்டர் கம்மென்று இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

இன்னொரு முறை கொடுப்பீர்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மூன்றாவது முறை. கொஞ்ச நேரம் கழித்து அதற்குத் திடீரென்று உயிர் வரும். ஒரே ரயில் டிக்கெட்டை மூன்று காப்பி அடித்துத் தள்ளும். உலகம் பூரா ஆபீஸ்களில் தினமும் நடக்கிற கூத்து இது.

காரணம், உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. கேட்கவும் தெரியாது. அதனால் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறோம்.

உண்மையில், கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. உங்களிடம் ஆப்பிள் மேக் அல்லது லினக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தால், டெர்மினல் என்கிற அந்த ஜன்னலைத் திறந்து, சின்ன எழுத்தில் எல், பி, க்யூ என்று மூன்றே மூன்று எழுத்து அடித்து என்டரைத் தட்டுங்கள். பட்டியல் வந்து விழும். இப்போது அச்சாகிக் கொண்டிருப்பது எது, அடுத்து யார், அதற்கடுத்து யார், ஃபைலின் பெயர் என்ன, எவ்வளவு பெரிசு. ரேஷன் கடையில் எட்டிப் பார்த்து ஆள் எண்ணுகிறோமே, அதே சமாச்சாரம்தான். ‘க்யூவில் நான் எத்தனாவது ஆள்?’

மூன்று எழுத்துதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை சாதாரண மனிதர் கைக்கு வந்து சேர்ந்த கதை ரொம்பப் பெரிசு. நடுவில் ஒரு புரட்சியே நடந்திருக்கிறது. நிஜமாகவே!

1959-ல் ஆரம்பிப்போம். ஐபிஎம் நிறுவனம் 1401 என்றொரு கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தது. கூடவே 1403 என்கிற பிரிண்டர். நிமிஷத்துக்கு 600 வரி, வரிக்கு 132 எழுத்து. அன்றைய தேதிக்கு அது அசுர வேகம்.

ஆனால், கம்ப்யூட்டரின் வேகத்துக்கு முன்னால் அது மாட்டு வண்டி. கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, பிரிண்டர் அச்சடித்து முடிக்கும் வரைக்கும் கம்ப்யூட்டர் தேமே என்று காத்திருக்க வேண்டும். காமர்ஸ் படித்தவர்களுக்கு இதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கும். ஏனென்றால், அன்றைக்குப் பெரிய கம்ப்யூட்டர்களைப் பெரும்பாலும் மாத வாடகைக்குத்தான் எடுப்பார்கள். சும்மா நிற்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் மீட்டர் ஓடுகிறது.

அதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். பெரிய கம்ப்யூட்டர் நேரடியாக அச்சடிக்காது. விடையை மேக்னடிக் டேப்பில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஒரு ஆள் அந்த டேப்பைத் தூக்கிக்கொண்டு போய் 1401-ல் மாட்டுவார். அது நிதானமாக அச்சடித்துக் கொள்ளும். முதலாளி கணக்கு எழுத, குமாஸ்தா படி எடுக்கிற மாதிரி.

பின்னால் டேப்புக்குப் பதிலாக டிஸ்க் வந்தது. தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆளுக்கு வேலை போச்சு. அச்சாக வேண்டியவை டிஸ்க்கில் வரிசையாகக் காத்திருக்கும், பிரிண்டர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஸ்பூலிங். 1960-களில், ஹூஸ்டனில் நாசாவுக்காக வேலை பார்த்த ஐபிஎம் ஆட்கள் இதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் எழுதினார்கள். பெயர் ஹாஸ்ப். அதன் முதல் எழுத்து ஹூஸ்டனைக் குறிக்கிறது.

சரி, வரிசை வந்துவிட்டது. வரிசையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்க முடியுமா? முடியும். ஆனால், ஆபரேட்டர் மட்டும்தான் கேட்கலாம். கம்ப்யூட்டர் அறையில், கன்ஸோல் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அவர். ப்ரோக்ராம் எழுதியவர் யாராக இருந்தாலும், துளையிட்ட அட்டைகளை ஜன்னலில் நீட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். சில மணி நேரம் கழித்து வந்தால் பேப்பர் கிடைக்கும். கிடைக்காமலும் போகும். ‘என்ன ஆச்சு சார்?’ என்று அவர் கேட்க வேண்டியது மெஷினிடம் இல்லை, ஆபரேட்டரிடம். பதில் சொல்வதும் சொல்லாததும் அவர் மூடைப் பொறுத்தது.

அடுத்த காட்சி, அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலம். முர்ரே ஹில் என்ற ஊரில் பெல் ஆய்வுக்கூடம். கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-ல் ஒரு பழைய மெஷினில் யூனிக்ஸ் என்கிற சிஸ்டத்தை ஆரம்பித்திருந்தார்கள். அதை நல்ல மெஷினில் ஓட்டிப் பார்க்க ஆசை. ஆனால், மேலிடம் காசு தர யோசித்தது.

அப்போது ஒரு யோசனை வந்தது. ‘ஆபரேட்டிங் சிஸ்டம் செய்யப் போகிறோம் என்று கேட்டால்தானே யோசிப்பார்கள்? டாக்குமென்ட் தயாரிக்க என்று கேட்போம்!’ கேட்டார்கள். கிடைத்தது. சுமார் 65,000 டாலர் விலையில் ஒரு பிடிபி-11.

வாக்குக் கொடுத்தாயிற்று, காப்பாற்ற வேண்டுமே? பெல் ஆய்வுக்கூடத்தின் பேடன்ட் பிரிவுக்கு அப்போது ஒரு தேவை இருந்தது. பேடன்ட் விண்ணப்பங்களில் ஒவ்வொரு வரிக்கும் நம்பர் போட்டு அச்சடிக்க வேண்டும். யூனிக்ஸ்காரர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். 1971-ன் பிற்பாதியில் பேடன்ட் பிரிவின் மூன்று டைப்பிஸ்ட்டுகள் நாள் முழுக்க யூனிக்ஸில் உட்கார்ந்து டைப் அடித்தார்கள். அதே மெஷினில், அதே நேரத்தில், தாம்ஸனும் ரிட்சியும் தங்கள் ஆராய்ச்சியைச் செய்துகொண்டிருந்தார்கள்.

கவனியுங்கள். யூனிக்ஸின் முதல் வாடிக்கையாளர்கள் விஞ்ஞானிகள் இல்லை. பேப்பரில் அச்சாகி வந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்த ஆபீஸ்காரர்கள். இன்னொரு விஷயம், நடுவில் ஆபரேட்டர் கிடையாது. ஆளுக்கொரு டெர்மினல். யார் வேண்டுமானாலும் மெஷினோடு நேராகப் பேசலாம். ஜன்னல் உடைந்தது அங்கேதான்.

ஜன்னல் ஓரிடத்தில் உடைந்தால், இன்னோரிடத்தில் சுவர் எழும்பும் இல்லையா? எழும்பியது. எம்.ஐ.டி.யில்.

அங்கே செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்று ஒரு ப்ரோக்ராமர். 1980 வாக்கில் அவருக்கு வயது 27. அந்த ஆய்வுக்கூடத்தின் பழைய பிரிண்டரில் அடிக்கடி பேப்பர் சிக்கிக்கொள்ளும். பிரிண்டர் இருப்பது ஓரிடம், ஆட்கள் உட்கார்ந்திருப்பது வேறிடம். ‘வந்திருக்கும்’ என்று நம்பிப் போனால், நாலு பக்கம் அச்சாகி அரை மணி நேரமாக மெஷின் நின்று கிடக்கும்.

பேப்பர் சிக்குவதை சாஃப்ட்வேரால் தடுக்க முடியாது. ஆனால், சிக்கிவிட்டது என்று சொல்ல முடியும் அல்லவா? ஸ்டால்மன் அதைத்தான் செய்தார். பிரிண்டரை ஓட்டும் ப்ரோக்ராமைக் கொஞ்சம் மாற்றினார். பேப்பர் சிக்கினால், க்யூவில் காத்திருக்கும் அத்தனை பேர் திரையிலும் ‘பிரிண்டர் மாட்டிக்கொண்டது, போய்ச் சரி செய்யுங்கள்’ என்று தகவல் வரும். பத்துப் பேருக்குத் தகவல் போனால் ஒருவராவது எழுந்து போக மாட்டாரா? போனார்கள். பிரச்னை தீர்ந்தது.

பிறகு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு புது லேசர் பிரிண்டரைப் பரிசாகக் கொடுத்தது. விநாடிக்கு ஒரு பக்கம் அச்சடிக்கிற சூரன். ஆனால், ஆபீஸ் காப்பியரை மாற்றிச் செய்த மெஷின். அதனால் அதிலும் பேப்பர் சிக்கியது. அதனாலென்ன, பழையபடி மாற்றிவிடலாம் என்று ஸ்டால்மன் ப்ரோக்ராமைத் தேடினார். சோர்ஸ் கோட் இல்லை. மனிதர் படிக்கக்கூடிய வடிவத்தைக் கொடுக்காமல், மெஷினுக்கு மட்டும் புரிகிற வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தார்கள்.

பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அந்தக் கோட் இருப்பதாகக் கேள்விப்பட்டார். அங்கே போன சமயத்தில் நேரிலேயே கேட்டார். அவர் தர மறுத்துவிட்டார். யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்றாம். ஸ்டால்மனுக்கு வந்த கோபத்தில் பேச்சே எழவில்லை. பதில் சொல்லாமல் திரும்பி நடந்துவிட்டார். இந்தக் கதையைப் பின்னாளில் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் கேட்டது என்ன? யாருடைய சொத்தையும் கேட்கவில்லை. ‘என்ன ஆச்சு?’ என்று பிரிண்டரைக் கேட்டால் அது பதில் சொல்லும்படி செய்ய வேண்டும். அவ்வளவுதான். அதற்கே அனுமதி இல்லை.

இப்போது 1983-க்கு வாருங்கள். பிரிண்டர் வரலாற்றில் இப்படி ஒரு வருஷம் அமைந்ததில்லை.

ஜனவரியில் ஏடி&டி நிறுவனம் தன் யூனிக்ஸை சிஸ்டம் ஃபைவ் என்ற பெயரில் வெளியிட்டது. அதில் அச்சடிக்க ‘எல்பி’. வரிசையைப் பார்க்க ‘எல்பிஸ்டாட்’. நிறுத்த ‘கேன்சல்’.

மார்ச் மாதம் டாஸ் 2.0 வந்தது. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே தெரிந்த சின்னக் கம்ப்யூட்டருக்கும் ‘பிரிண்ட்’ என்றொரு கட்டளை கிடைத்தது. ஃபைல்களை வரிசையில் போட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்கு வேறு வேலை பார்க்கலாம். வெறுமனே ‘பிரிண்ட்’ என்று அடித்தால் வரிசையைக் காட்டும்.

ஆகஸ்டில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் பங்குக்கு 4.2 பிஎஸ்டி என்கிற யூனிக்ஸை வெளியிட்டது. நெட்வொர்க்கில் வேறொரு கம்ப்யூட்டரோடு இணைந்த பிரிண்டரையும் இங்கிருந்தே அதட்டலாம். நம் மூன்று எழுத்து ‘எல்பிக்யூ’ இந்தக் குடும்பத்துப் பிள்ளை. அதன் அண்ணன் தம்பிகளையும் பார்த்துவிடுவோம்.

‘எல்பிஆர்’ என்பது அச்சுக்கு அனுப்ப. அனுப்பியதும் ஸ்பூல் டைரக்டரியில் இரண்டு ஃபைல்கள் உருவாகும். ஒன்று டோக்கன். யாருடையது, என்ன பெயர், எப்படி அச்சடிக்க வேண்டும் என்ற விவரங்கள். இன்னொன்று சரக்கு மூட்டை, அதாவது அச்சாக வேண்டிய விஷயம். ‘எல்பிடி’ என்கிற ஒரு பூதம் பின்னணியில் உட்கார்ந்து டோக்கன் வரிசைப்படி மூட்டையைப் பிரித்துக்கொண்டே இருக்கும்.

‘எல்பிஆர்எம்’ என்பது க்யூவிலிருந்து எடுக்க. உங்கள் வேலையை மட்டும்தான் நீங்கள் எடுக்க முடியும். பக்கத்து சீட்டுக்காரருடையதில் கைவைக்க முடியாது. சிஸ்டம் நிர்வாகி மட்டும் எதையும் எடுக்கலாம்.

‘எல்பிசி’ நிர்வாகியின் சாட்டை. வரிசையை நிறுத்தலாம், ஓட்டலாம். பிரிண்டரை மூடிவிட்டு ‘ரிப்பேர், நாளைக்கு வாருங்கள்’ என்று அறிவிப்புப் பலகை மாட்டலாம். ‘டாப்க்யூ’ என்று ஒன்று உண்டு. பின்னால் நிற்கும் ஒருவரைத் தூக்கி முதலில் நிறுத்துவது. திருப்பதியில் சிறப்பு தரிசனம் மாதிரி. ஆனால் ஒன்று. யார் முன்னால் போனார் என்பது எல்பிக்யூ அடித்துப் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும்!

செப்டம்பர் 27. அந்த வருஷத்தின் நான்காவது சம்பவம். ஸ்டால்மன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். யூனிக்ஸ் மாதிரியே ஒரு முழு சிஸ்டத்தை எழுதப் போகிறேன், பெயர் குனூ, எல்லோருக்கும் சோர்ஸ் கோடோடு கிடைக்கும் என்றார். 1984 ஜனவரியில் எம்.ஐ.டி. வேலையை விட்டார். 1989-ல் ஜிபிஎல் என்கிற பொது லைசென்ஸ். வாங்கியவர் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றிக் கொடுத்தால், வாங்குகிறவருக்கும் அதே உரிமைகளைக் கொடுத்தாக வேண்டும்.

பிரிண்டர் ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய ஆய்வுக்கூடத்துச் சகாக்கள் கம்பெனி ஆரம்பித்துப் பிரிந்து போனது இன்னொரு பெரிய அடி. ஆனாலும், மூடிய கோட் என்றால் எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தது அந்த பிரிண்டர்தான்.

இப்போது ஒரு சந்தேகம் வரலாம். கட்டளைகள்தான் வந்துவிட்டனவே, பிரச்னை தீர்ந்ததா?

பாதிதான் தீர்ந்தது. வரிசையைக் கேட்க முடிந்தது. பிரிண்டரைக் கேட்க முடியவில்லை. கேட்டால் அது பேசாது. ஏனென்றால், பழைய பேரலல் கேபிளில் பிரிண்டர் தன் நிலைமையைச் சொல்வதற்கு இருந்தவை ஐந்தே கம்பிகள். அதை வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன், பிஸி, பேப்பர் இல்லை, ஆன்லைனில் இருக்கிறேன், ஏதோ கோளாறு என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஊமை ஜாடை.

பெர்க்லி சிஸ்டத்தில், பிரிண்டர் தயாராவதற்குக் காத்திருக்கும்போது வரும் தகவலின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ‘ஆஃப்லைன்?’ என்று இருக்கும். கேள்விக்குறியோடு! உங்களைப் போலவே கம்ப்யூட்டருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம். லினக்ஸ்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பேப்பர் இருக்கிறது, ஆன்லைனில் இருக்கிறது, ஆனால் கோளாறு என்று சிக்னல் வருகிறதா? வேறென்ன, ‘பிரிண்டர் தீப்பிடித்து எரிகிறது’ என்று திரையில் போட்டுவிட்டார்கள். கிண்டல்தான். அதைப் பார்த்து பக்கெட்டில் தண்ணீர் தேடி ஓடினால் அதற்கு அவர்கள் பொறுப்பில்லை.

1990 ஆகஸ்டில் எல்பிடியின் பாஷை இணைய ஆவணமாக எழுதி வைக்கப்பட்டது. மொத்தம் ஐந்து கட்டளைகள்: அச்சடி, வாங்கிக்கொள், வரிசையைச் சுருக்கமாகச் சொல், விரிவாகச் சொல், எடுத்துவிடு. ஆனால், பதில் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று வரையறை கிடையாது. ஆளுக்கொரு தினுசாகப் பதில் சொன்னார்கள்.

இந்தக் குழப்பத்தில் நுழைந்தவர் மைக்கேல் ஸ்வீட். அமெரிக்காவின் மேரிலாந்தில் ஈஸி சாஃப்ட்வேர் ப்ராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி நடத்தியவர். 1997-ல் கப்ஸ் என்ற சிஸ்டத்தை எழுத ஆரம்பித்தார். முதலில் எல்பிடி பாஷையை வைத்துத்தான் திட்டம். அதில் போதாமை அதிகம் என்று தெரிந்ததும், அப்போது உருவாகிக்கொண்டிருந்த ஐபிபி என்கிற புதிய பாஷைக்கு மாறினார். 1999-ல் இரண்டும் வெளிவந்தன. கப்ஸுக்கு ஸ்வீட் தேர்ந்தெடுத்த லைசென்ஸ் எது தெரியுமா? ஸ்டால்மனின் ஜிபிஎல்.

ஸ்வீட் செய்த இன்னொரு நல்ல காரியம், பங்காளிச் சண்டையைத் தீர்த்து வைத்தது. பெர்க்லி குடும்பத்து எல்பிக்யூவும் வேலை செய்யும், ஏடி&டி குடும்பத்து எல்பிஸ்டாட்டும் வேலை செய்யும். யாரும் பழைய பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

2002-ல் ஆப்பிள் தன் மேக் ஓஎஸ் டென் 10.2-ல் கப்ஸைச் சேர்த்தது. 2007-ல் ஸ்வீட்டையே வேலைக்கு எடுத்து, அந்த சோர்ஸ் கோடின் உரிமையையும் வாங்கிக்கொண்டது. 2019 கடைசியில் அவர் ஆப்பிளிலிருந்து விலகினார். 2020-ல் ஓப்பன்பிரிண்டிங் என்ற அமைப்பின் கீழ் கப்ஸ் தொடர்ந்து வளர ஆரம்பித்தது. கம்பெனி மாறினாலும் வேலை நிற்கவில்லை. கோட் திறந்து கிடந்தது அல்லவா? யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

க்யூ என்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். 2010-ல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் வைரஸ், ஈரானின் அணு மையத்தைக் குறிவைத்தது. அது பரவப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் இருந்தது. 2021-ல் அதே ஸ்பூலரில் இன்னொரு ஓட்டை தெரிய வந்தது. பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் வைத்தார்கள். ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அவசர மருந்து கொடுத்தது. அதுவரைக்கும் தப்பிக்க அது சொன்ன வழி, ஸ்பூலரை நிறுத்தி வையுங்கள் என்பதுதான். எல்லோருடைய பேப்பரும் ஒரே வழியாகப் போகிற வாசல் அது. வாசலைப் பிடித்தவன் வீட்டைப் பிடிப்பான்.

திருடன் மட்டும்தான் வாசலைப் பிடிப்பான் என்று இல்லை. விற்றவரும் பிடிக்கலாம். 2016 செப்டம்பரில் ஹெச்பி பிரிண்டர்கள் பல, திடீரென்று வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. முதல் நாள் வரை ஓடிக்கொண்டிருந்த கார்ட்ரிட்ஜ். பெரிய எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, முன்கூட்டி விளக்கமாகச் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டு, அந்தத் தடையை நீக்க வழி செய்து கொடுத்தது நிறுவனம். காசு கொடுத்து வாங்கியது நீங்கள். பிரிண்டர் கீழ்ப்படிந்தது வேறொருவருக்கு. 1980-ல் ஸ்டால்மனுக்கு வந்த கோபம் பழசாகிவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கோபத்துக்குப் பதில் கிடைத்ததா? கிடைத்தது. ஐபிபி பாஷையில், பிரிண்டர் தன் நிலைமைக்கான காரணத்தைச் சொல்வதற்கென்றே வார்த்தைகள் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். பேப்பர் தீர்ந்தால் ஒரு வார்த்தை, டோனர் குறைந்தால் ஒரு வார்த்தை, மூடி திறந்திருந்தால் ஒரு வார்த்தை. ஜாடை போய் பேச்சு வந்துவிட்டது.

அந்தப் பட்டியலில் ‘மீடியா ஜாம்’ என்று ஒரு வார்த்தையும் இருக்கிறது. பேப்பர் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். எம்.ஐ.டி.யில் 27 வயது இளைஞர் தன் பிரிண்டரின் வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்டது அதைத்தான்.